விசிலுக்கு முன்பே வெளியே: பி.ஏ. செட் அணிவதும் பேணுவதும்

ஆறு லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 300 பார் அழுத்தத்துக்குக் காற்றை அடைத்தால், அதற்குள் ஏறத்தாழ 1,800 லிட்டர் காற்று இருக்கும். சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு எட்டுப் பத்து லிட்டர்தான் இழுப்பார். அதே ஆள் சிலிண்டரும் மாஸ்கும் கொண்ட கனமான மூச்சுக்கருவியை, அதாவது பி.ஏ. செட்டை, முதுகில் சுமந்து, புகைக்குள் தவழ்ந்து போய், மயங்கிக் கிடப்பவரை இழுத்துக்கொண்டு வரும்போது நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுப்பார். பயமும் சேர்ந்துகொண்டால் அது 80, 100 என்று ஏறும். 1,800 லிட்டரும் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சிலிண்டரில் '45 நிமிடம்' என்று ஒட்டியிருக்கும் சீட்டை நம்பி உள்ளே போனவர், திரும்பும் வழியில் காற்றில்லாமல் நிற்பது இப்படித்தான்.

தீயணைப்பு நிலையங்கள், ரசாயன ஆலைகள், ஐஸ் பேக்டரிகள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், தோல் ஆலைகள் ஆகியவற்றின் அவசரக் குழுவில் இருப்பவர்களுக்காக இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். எப்போது திரும்புவது என்பதை உள்ளே போகும் முன்பே முடிவு செய்யுங்கள். சிலிண்டரில் காற்று குறைந்ததும் எச்சரிக்கும் விசில் ஊதும் நேரத்தில் நீங்கள் வெளியே நின்றுகொண்டிருக்க வேண்டும். அணியும் முன் செய்யும் சோதனையும், கழற்றிய பின் செய்யும் பராமரிப்பும், காற்றடைப்பதில் காட்டும் ஒழுங்கும் அந்த ஒரு முடிவை நம்பகமானதாக்கவே இருக்கின்றன.

எங்கே தேவை, எங்கே போதாது

நாம் இழுக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். அது 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலே அந்த இடத்தை ஆக்ஸிஜன் குறைந்த இடமாகக் கருத வேண்டும். 16 சதவீதத்தில் புத்தி மந்தமாகும், கை கால் சொன்னபடி கேட்காது. 10 சதவீதத்துக்குக் கீழே நினைவு தப்பும். 6 சதவீதத்துக்குக் கீழே சில நிமிடங்களில் உயிர் போய்விடும். இதில் கொடுமை, மூச்சு முட்டுகிற உணர்வே வராது என்பது. உடலில் கரியமில வாயு சேரும்போதுதான் நமக்கு மூச்சு முட்டும். ஆக்ஸிஜன் குறைவதை உடல் அவ்வளவாக உணர்த்துவதில்லை. நைட்ரஜன் நிரப்பிய தொட்டிக்குள் தலையை நீட்டியவர், ஒரு சத்தமும் இல்லாமல் அப்படியே சாய்ந்துவிடுவார்.

கழிவுநீர்த் தொட்டியிலும் தோல் ஆலைக் கழிவுக் குழியிலும் எதிரி வேறு. அங்கே அடியில் படிந்திருக்கும் சேற்றைக் கிளறியதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குபீரென்று கிளம்பும். மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பதால், மூக்கே காட்டிக்கொடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 100 பி.பி.எம். அளவைத் தாண்டினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றுவிடும். வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் அதைவிடக் கூடுதலான வாயுவுக்குள் இறங்குகிறார். 500க்கு மேல் சில நிமிடங்களில் மயக்கம் வரும். 1,000ஐ எட்டினால் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடுவார்.

செப்டிக் டேங்க் சாவு பெரும்பாலும் ஒன்றோடு நிற்பதில்லை. முதலில் இறங்கியவர் விழுந்ததும் உடன் வந்தவர் பதறிப்போய் இறங்குவார், அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குவார். கழிவுநீர்க் குழாய்க்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "அதான் பி.ஏ. செட் இருக்கே, இறங்கு" என்று சொல்லும் உரிமையை இந்தக் கருவி யாருக்கும் தந்துவிடாது. செப்டிக் டேங்கைப் பொறுத்தவரை இதை மீட்புப் பணிக்கு மட்டுமே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுத்தம் செய்ய இயந்திரம் இருக்கிறது.

கேனிஸ்டர் பொருத்திய மாஸ்க் வாயுவை வடிகட்டும். இல்லாத ஆக்ஸிஜனை அதனால் உண்டாக்க முடியாது. வாயுவின் அளவு கூடினால் கேனிஸ்டரும் சீக்கிரம் நிறைந்துவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்திருக்கும் எல்லைகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: குளோரின் 10 பி.பி.எம்., ஹைட்ரஜன் சல்ஃபைடு 100, அமோனியா 300, கார்பன் மோனாக்சைடு 1,200. இவற்றைத் தாண்டிய இடத்திலும், அளவே தெரியாத இடத்திலும் கேனிஸ்டரை நம்பி நுழையக் கூடாது.

பி.ஏ. செட்டுக்கும் எல்லை உண்டு. அது மூச்சைக் காக்கும், தோலைக் காக்காது. 2023 டிசம்பர் கடைசியில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, தெருவில் நின்றவர்களுக்கே கண்ணும் தொண்டையும் எரிந்தன. மூடிய ஐஸ் பேக்டரி அறைக்குள் அதே வாயு வேர்வையில் கரைந்து, அக்குளையும் தொடையிடுக்கையும் வேக வைத்துவிடும். அங்கே வாயு புகாத ரசாயன உடுப்பும் சேர்ந்தே வேண்டும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும். முதுகில் செட் இருப்பதால் வெடிப்பு நிற்காது. தண்ணீருக்கடியில் இதைப் பயன்படுத்தவே கூடாது.

காற்று வரும் வழி

பழுதை அடையாளம் காண, காற்று போகும் பாதை தெரிந்திருக்க வேண்டும். சிலிண்டரின் வால்வைத் திறந்ததும் காற்று ரெடியூசருக்கு வருகிறது. பின்தகட்டின் அடியில் இருக்கும் இந்தச் சிறு உறுப்பு 300 பார் அழுத்தத்தை ஏழு பார் அளவுக்குக் குறைக்கிறது. அங்கிருந்து ஒரு குழாய் தோள்மேலாக மாஸ்குக்கு வருகிறது. மாஸ்கில் பொருத்திய டிமாண்ட் வால்வு, நீங்கள் இழுக்கும் அளவுக்கு மட்டும் காற்றைத் தருகிறது. விடும் மூச்சு வேறொரு வால்வு வழியாக வெளியேறுகிறது. ரெடியூசரிலிருந்து கிளம்பும் இன்னொரு குழாய் மார்புக்கு முன்னால் தொங்கும் கேஜுக்குப் போகிறது. விசில் இருப்பதும் பெரும்பாலும் அதன் பக்கத்தில்தான்.

இப்போது வரும் செட்டுகளில் மாஸ்குக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சில மில்லிபார் கூடுதலாகவே இருக்கும். அதனால் ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் உள்ளிருக்கும் காற்றுதான் வெளியே போகும். புகை உள்ளே வராது. இந்த ஏற்பாட்டை நம்பித்தான் சிலர் இரண்டு நாள் தாடியோடு வந்து நிற்கிறார்கள். இடைவெளி வழியாக ஓயாமல் கசிவது உங்கள் முதுகில் இருக்கும் காற்றுதான். வேகமாக மூச்சிழுக்கும்போது உள்ளழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தால் வெளியிலிருப்பது உள்ளேயும் வரும். செட் அணியும் பணியில் இருப்பவர் அன்றன்று காலையில் சவரம் செய்திருக்க வேண்டும். சமய வழக்கத்துக்காகவோ வேறு காரணத்துக்காகவோ தாடி வைத்திருப்பவரிடம் சண்டை போட வேண்டாம். அவருக்கு வெளிப்பணியைக் கொடுங்கள், கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்துக்கொள்ளவும் கவனமான ஆள் வேண்டும்தானே. மூக்குக்கண்ணாடியின் கால்களும் விளிம்பைத் தூக்கிவிடும். கண்ணாடி இல்லாமல் முடியாதவருக்கு மாஸ்குக்குள்ளேயே பொருத்தும் சட்டம் கிடைக்கிறது. தலையில் எண்ணெய் வழிய வந்தால் விளிம்பு வழுக்கும், முடிக்கற்றை சிக்கினால் காற்று கசியும். கொண்டை போடுபவர்கள் பட்டைகள் தலையோடு படியும்படி முடியைத் தாழ்வாகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

மாட்டும் முன்

பணி மாறும்போதெல்லாம் செட்டைப் பொறுப்பேற்பவர் இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டும். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது. முந்தைய ஷிப்டில் பார்த்துவிட்டார்கள் என்பதை ஏற்க வேண்டாம்.

முதலில் கண்ணால் பாருங்கள். வார் கிழிந்திருக்கிறதா, கொக்கி பூட்டுகிறதா, குழாயில் வெடிப்பு உண்டா, சிலிண்டரை ரெடியூசரோடு இணைக்கும் இடத்தில் ஓ-ரிங் இருக்கிறதா? அந்தச் சின்ன ரப்பர் வளையம் தவறி விழுந்துவிட்டால் வால்வைத் திறந்ததும் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். இணைப்பைக் கையால் முறுக்கினாலே போதும். ஸ்பேனர் போட்டு முறுக்குவதால் வளையம் நசுங்கி, அடுத்த முறை கசிவதுதான் மிச்சம்.

அடுத்து, வால்வை மெதுவாக, முழுவதும் திறந்து கேஜைப் பாருங்கள். 300 பார் சிலிண்டரில் 270க்குக் குறைவாக இருந்தால் அது வண்டியில் ஏறக் கூடாது. இப்போது வால்வை மூடிவிட்டு ஒரு நிமிடம் முள்ளையே கவனியுங்கள். 10 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. அந்தச் செட்டை ஒதுக்கி வையுங்கள். இறங்கவில்லையென்றால், டிமாண்ட் வால்வின் வாயை உள்ளங்கையால் மூடி, விரலைச் சற்றே விலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை வெளியேற்றுங்கள். முள் 60க்கும் 50க்கும் இடையில் வரும்போது விசில் ஊத வேண்டும். நாற்பதில் ஊதும் விசில் உங்களிடமிருந்து சில நிமிடங்களைத் திருடிக்கொள்கிறது. ஊதாத விசிலோடு யாரையும் உள்ளே அனுப்ப முடியாது. அதிலிருப்பது தூசியா ஈரமா என்று அந்த இடத்திலேயே ஆராய்ந்துகொண்டிருக்காமல் வேறு செட்டை எடுங்கள்.

மாஸ்கைத் தாடையில் தொடங்கி மேல்நோக்கி அணிந்து, கீழ்ப்பட்டைகளை முதலிலும் நெற்றிப்பட்டையைக் கடைசியிலும் இழுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில், பின்னோக்கி இழுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் மாஸ்க் கோணிக்கொள்ளும். டிமாண்ட் வால்வைப் பொருத்தும் முன், மாஸ்கின் இணைப்பு வாயை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுத்து, பத்து வினாடி அப்படியே இருங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி நின்றால் பொருத்தம் சரி. வால்வை இணைத்த பின் ஒரு விரலை விளிம்புக்குள் மெல்ல நுழையுங்கள். காற்று வெளியே சீற வேண்டும், விரலை எடுத்ததும் நிற்க வேண்டும்.

சிலிண்டர் வால்வை அரைகுறையாகத் திறந்து வைப்பது பரவலாக இருக்கும் கெட்ட பழக்கம். சோதனையின்போது நின்ற இடத்தில் மெதுவாக மூச்சு விடும்வரை குறை தெரியாது. உள்ளே போய் வேகமாக இழுக்கும்போது மாஸ்க் முகத்தில் ஒட்டும், காற்று போதாது, பதற்றம் வரும். குறைந்தது இரண்டு சுற்றாவது திறந்திருக்கிறதா என்பதை உடன் செல்பவர் கையால் தொட்டுச் சரிபார்க்கட்டும்.

காற்றுக் கணக்கு

மற்றதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். இந்தப் பகுதியைத் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இப்போது பரவலாக வரும் கார்பன் இழை சுற்றிய சிலிண்டர் 6.8 லிட்டர் கொள்ளளவு, 300 பார் அழுத்தம். பெருக்கினால் 2,040 லிட்டர். அவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் காற்று இந்த எளிய பெருக்கலுக்கு முழுவதும் கட்டுப்படாது. உண்மையில் பத்து சதவீதம்வரை குறைவாகவே கிடைக்கும். விசில் 55 பாரில் ஊதும் என்று கொண்டால், அதுவரை செலவழிக்கக் கிடைப்பது 245 பார், அதாவது 1,666 லிட்டர். தயாரிப்பாளர்கள் வழக்கமாக நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் விசில் ஊத 41 நிமிடம் ஆகும். 60 லிட்டர் என்றால் 27 நிமிடம். 80 லிட்டர் என்றால் 20 நிமிடம். விசில் ஊதிய பின் மிச்சமிருப்பது 374 லிட்டர். 80 லிட்டர் இழுப்பவருக்கு அது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு.

சித்திரை வெயிலில், கனமான உடுப்போடு, படியேறி வேலை செய்யும் ஆளுக்கு 40 லிட்டர் கணக்கு பொருந்தாது. 60 லிட்டர் என்று வைத்தே திட்டமிடுங்கள். இதைவிட நல்லது, குழுவில் ஒவ்வொருவரும் எவ்வளவு இழுக்கிறார் என்பதைப் பயிற்சியின்போது அளந்து எழுதி வைப்பது. ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்த இருவருக்குள் கேஜில் 50 பார் வித்தியாசம் வருவது சாதாரணம். குண்டானவர்தான் அதிகம் இழுப்பார் என்பதும் இல்லை. பயிற்சி குறைந்தவரே பெரும்பாலும் அதிகம் இழுக்கிறார்.

எப்போது திரும்புவது? ஜெர்மன் தீயணைப்புத் துறையின் விதி, போன வழிக்குச் செலவானதைப்போல இருமடங்கு காற்றைத் திரும்பும் வழிக்கு ஒதுக்கச் சொல்கிறது. திரும்பும்போது களைத்திருப்பீர்கள், ஒருவரை இழுத்துக்கொண்டிருக்கலாம், புகை கூடியிருக்கும். எனவே இருமடங்கு மிகையில்லை. அதோடு விசில் அளவான 55 பாரையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்கிறேன். 290 பாரோடு நுழைந்து, வேலை செய்யும் இடத்தை அடையும்போது கேஜ் 240 காட்டுகிறது என்று வையுங்கள். போக 50 ஆயிற்று. திரும்ப 100, விசில் இருப்பு 55. ஆக 155ஐத் தொட்டதும், வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் கிளம்ப வேண்டும். இப்படிக் கிளம்பினால் விசில் ஊதும்போது நீங்கள் திறந்த வெளியில் இருப்பீர்கள்.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 290 பாரோடு போனவருக்குப் போகும் வழியிலேயே 78 பாருக்கு மேல் செலவாகிவிட்டால், அங்கே நின்று வேலை செய்யக் காற்றே மிச்சமிருக்காது. உள்ளே கிடப்பவரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தாலும், ஆழமாகப் போக வேறு ஏற்பாடு செய்ய வேண்டும்: வேறு வாசலைத் திறப்பது, புகையை வெளியேற்றுவது, அல்லது குழாய் வழியே காற்று வரும் ஏர்லைன் செட்டைக் கொண்டுவருவது. இந்தக் கணக்கைக் கொடூரமானது என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், உள்ளே இரண்டாவது ஆள் விழுந்தால் முதல் ஆளுக்கும் உதவி போய்ச் சேராது. குழுவில் யாருடைய கேஜ் மிகக் குறைவாகக் காட்டுகிறதோ, அவர் கணக்குப்படியே எல்லோரும் திரும்ப வேண்டும்.

லண்டன் ஸ்மித்ஃபீல்டு கோழி இறைச்சிச் சந்தையின் நிலவறையில் 1958 ஜனவரி 23 அன்று தீப்பிடித்தது. குளிர்பதன அறைகளும் வளைந்து வளைந்து போகும் வழிகளும் நிறைந்த இடம் அது. உள்ளே போன இரண்டு தீயணைப்பு வீரர்கள் வழி தவறி இறந்தார்கள். இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், யார் எத்தனை மணிக்கு எவ்வளவு அழுத்தத்தோடு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தாக வேண்டும் என்பதை வாசலில் பலகை வைத்து எழுதும் முறையும், செட்டோடு தொங்கும் பெயர் வில்லையும் பிரிட்டன் முழுவதும் கட்டாயமாயின.

உங்கள் ஆலையில் அந்தப் பலகை இருக்கிறதா? ஐந்து செட்டுகளை வாங்கிவிட்டு ஒரு பலகையும் வாங்காத இடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு சாதாரண வெள்ளைப் பலகை போதும். பெயர், நுழைந்த நேரம், நுழைந்தபோது இருந்த அழுத்தம், எங்கே போகிறார், விசில் ஊதக்கூடிய நேரம் என ஐந்து கட்டங்கள் போடுங்கள். 10.20க்கு 290 பாரோடு நுழைந்தவருக்கு, 60 லிட்டர் கணக்கில், 10.46க்கு விசில் ஊதும். பலகையைப் பார்ப்பவர் வயர்லெஸ்ஸில் அவ்வப்போது கேஜ் அளவைக் கேட்டு எழுத வேண்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் தரக் கூடாது. 10.46க்கு அந்த ஆள் கண்ணில் படவில்லையென்றால், யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் மீட்பு இணையை உள்ளே அனுப்பும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். அந்த இணை அதுவரை செட்டை மாட்டிக்கொண்டு, மாஸ்கை மட்டும் கழுத்தில் தொங்கவிட்டுத் தயாராக வாசலிலேயே நிற்க வேண்டும். உள்ளே இருவர் என்றால் வெளியேயும் இருவர்.

உள்ளே

தனியாகப் போகாதீர்கள். நல்ல காற்றுள்ள இடத்தில் அணிந்து, நல்ல காற்றுள்ள இடத்துக்கு வந்த பிறகே கழற்றுங்கள். வாசலைத் தாண்டியவுடன் மாஸ்கைக் கழற்றி ஆசுவாசப்படுத்திக்கொள்வது இயல்பாக வரும் ஆசை. அங்கேயும் கார்பன் மோனாக்சைடு இருக்கும். புகையில் கண் தெரியாதபோது சுவரையோ ஹோஸையோ கைவிடாமல் போங்கள்.

காற்று திடீரென்று குறைந்தால் கை முதலில் சிலிண்டர் வால்வுக்குப் போகட்டும். எங்காவது உரசி மூடிக்கொண்டிருக்கலாம். அது திறந்திருந்தால் டிமாண்ட் வால்வில் இருக்கும் பைபாஸைத் திறங்கள். டிமாண்ட் வால்வு நிற்காமல் காற்றைக் கொட்டினால், சிலிண்டர் வால்வைக் கிட்டத்தட்ட மூடிவிட்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் திறந்து மூடியபடி வெளியேறலாம். இதைப் பயிற்சியில் பலமுறை செய்து பார்த்தவருக்குத்தான் நெருக்கடியில் கை வரும். என்ன ஆனாலும் மாஸ்கைக் கழற்றாதீர்கள், உடன் இருப்பவரைத் தொட்டு உடனே தெரிவியுங்கள். அசையாமல் கிடந்தால் அரை நிமிடத்துக்குள் தானாக அலறும் கருவி செட்டில் இருந்தால் நுழையும் முன்பே அதை இயக்கிவிடுங்கள்.

மேன்ஹோல் குறுகலாக இருக்கிறது என்று செட்டைக் கழற்றி முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நுழைவது கூடவே கூடாது. குழாய் இழுபட்டு மாஸ்க் விலகினால் முடிந்தது. அந்த இடத்துக்கு முக்காலி, வின்ச், உடலோடு கட்டிய மீட்புக் கயிறு, ஏர்லைன் செட் ஆகியவை வேண்டும். அவை இல்லாவிட்டால் ஊதியைக் கொண்டு நல்ல காற்றை உள்ளே செலுத்திக்கொண்டே 101க்கோ 112க்கோ அழைத்துவிட்டுக் காத்திருங்கள்.

கழற்றிய பின்

தீயிலிருந்து வந்த செட்டில் புகைக்கரி ஒட்டியிருக்கும்; அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் உண்டு. கையுறை போட்டுக்கொண்டு முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். மாஸ்கைத் தனியே எடுத்து, கைபொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக் கரைசல் விட்டுக் கழுவுங்கள். தயாரிப்பாளர் சொன்ன கிருமிநாசினியில், சொன்ன நேரம் மட்டும் ஊற வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். அலசாமல் விட்ட கிருமிநாசினி அடுத்தவர் முகத்தில் கொப்புளம் போடும். பெட்ரோல், தின்னர், பிளீச்சிங் பவுடர் எதுவும் கிட்டே வரக் கூடாது. நிழலில் உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயிலில் கொடியில் தொங்கவிட்ட மாஸ்கின் ரப்பர் சீக்கிரமே விறைத்து வெடிக்கும். மூச்சு வெளியேறும் வால்வின் சவ்வில் ஒரு மணல் துகளோ காய்ந்த எச்சிலோ ஒட்டியிருந்தாலும் அது சரியாக மூடாது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிப் பகுதி பெரும்பாலும் பாலிகார்பனேட். ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். கடும் வெப்பத்தில் இருந்து வந்த மாஸ்கில் நுண்ணிய வெடிப்போ குமிழோ தெரிந்தால் அதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

சிலிண்டரை வால்வைப் பிடித்துத் தூக்குவது, உருட்டிவிடுவது, தொப்பென்று போடுவது எல்லாம் தினசரி நடக்கிறது. எஃகு சிலிண்டர் ஓரளவு தாங்கும். கார்பன் இழைச் சிலிண்டரில் உள்ளே மெல்லிய அலுமினியக் கூடுதான் இருக்கிறது, வலிமை முழுவதும் மேலே சுற்றிய இழையில் இருக்கிறது. இழை அறுந்திருந்தால், ரசாயனம் பட்டு நிறம் மாறியிருந்தால், தீயில் கருகியிருந்தால் அதில் காற்றடைக்கக் கூடாது. சிலிண்டர்மேல் கடைசியாக ஹைட்ரோ டெஸ்ட் செய்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். எஃகு சிலிண்டருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை வழக்கம். இழைச் சிலிண்டருக்குத் தயாரிப்பாளர் ஆயுளும் குறித்திருப்பார், பெரும்பாலும் 15 ஆண்டு. அது முடிந்தால் பார்க்கப் புதிதாக இருந்தாலும் தள்ளிவிட வேண்டும். நம் நாட்டில் இவை 2016ஆம் ஆண்டு வாயு சிலிண்டர் விதிகளுக்குள் வருகின்றன. அந்த விதிகளை நடைமுறைப்படுத்தும் பெசோவின் அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் சோதனையைச் செய்ய வேண்டும்.

காற்றடைப்பதில் காட்டும் அலட்சியம் கண்ணுக்குத் தெரியாமல் கொல்லும். ஆலையில் கருவிகளை இயக்க ஓடும் கம்பிரசர் காற்று மூச்சுக்கு உதவாது. பி.ஏ. செட்டுக்கென்றே உள்ள கம்பிரசரும் வடிகட்டியும் வேண்டும். அதன் காற்று உறிஞ்சும் வாய் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். ஜெனரேட்டர் புகைபோக்கிக்கும் லாரி நிறுத்தத்துக்கும் பக்கத்தில் இருந்தால், கார்பன் மோனாக்சைடை 300 பாருக்கு அழுத்திச் சிலிண்டரில் அடைக்கிறீர்கள். அடைத்த காற்றில் அந்த வாயு 5 பி.பி.எம். அளவையும், எண்ணெய் கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவையும் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தர விதி. வடிகட்டியை மணிக்கணக்குப் பார்த்து மாற்றுங்கள், காற்றின் தரத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்து எழுதி வையுங்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பும் யோசனை யாருக்காவது வந்தால் உடனே தடுங்கள். உயர் அழுத்த ஆக்ஸிஜனோடு எண்ணெய்ப் பசை சேர்ந்தால் தீ பற்றி வெடிக்கும்.

வேகமாக அடைத்தால் சிலிண்டர் சூடாகும். சூட்டில் 300 காட்டும் முள், ஆறியதும் 270க்கு வந்து நிற்கும். மெதுவாக அடையுங்கள், ஆறிய பின் மறுபடி பார்த்து நிரப்புங்கள். தீர்ந்த சிலிண்டரையும் முழுவதும் காலியாக்காமல் கொஞ்சம் அழுத்தத்தோடு வால்வை மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் ஈரக்காற்று உள்ளே போகும், சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உட்புறம் சீக்கிரம் கெடும்.

செட்டை எங்கே வைப்பது என்பதையும் சொல்ல வேண்டும். அமோனியா கம்பிரசர் அறைக்குள்ளேயே பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்கள். கசிவு வந்தால் அந்தப் பெட்டியை யாரும் நெருங்க முடியாது. ஆபத்து வரக்கூடிய இடத்துக்கு வெளியே, காற்று வரும் திசையில், சாவி தேடாமல் எடுக்கும்படி வையுங்கள். வார்களை முழுவதும் தளர்த்தி, மாஸ்க் எதனடியிலும் நசுங்காமல் இருக்கட்டும். செட்டுக்கு ஒரு பதிவேடு வையுங்கள்: யார் எப்போது சோதித்தார், என்ன பழுது, எப்போது சரியானது. பிழை கண்டால் "பரவாயில்லை" என்று எழுதாமல், சிவப்பு அட்டை கட்டி ஒதுக்குங்கள். ரெடியூசரையும் டிமாண்ட் வால்வையும் நீங்களே பிரிக்க வேண்டாம்; பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக் கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆலை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். செட் வாங்கும் செலவை ஆய்வுக்கு வருபவரிடம் காட்ட முடிகிறது. பயிற்சிக்குக் கொடுக்கும் நேரத்தைக் காட்ட முடிவதில்லை, அதனால்தான் அது விட்டுப்போகிறது. மாதம் ஒரு முறை உங்கள் அவசரக் குழுவை உற்பத்தியிலிருந்து விடுவித்து, மாஸ்க் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மறைத்து, ஒரு சிலிண்டர் தீரும்வரை ஆலைக்குள் நடக்கவும் தவழவும் விடுங்கள். யார் எத்தனை நிமிடத்தில் எத்தனை பார் செலவழித்தார் என்று எழுதி, கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அடுத்த கசிவின்போது பலகையில் விசில் நேரத்தை எழுதப்போகிறவருக்கு அந்தத் தாள் வேண்டும்.